‘வெயில்’ எப்படி ‘லெயில்’ ஆனது: ஒரு ஷட்டர் கிராஃபிட்டியின் கதை

முதல் சுவரே எழுத்துப்பிழையோடுதான் முடிந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ‘வெயில்’ என்று குண்டு குண்டாக எழுதி, மஞ்சள் நிரப்பி, ஓரம் கட்டி, நிழலும் கொடுத்துவிட்டு, நான்கடி தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். பந்து எடுக்க மாடிக்கு வந்த கீழ்வீட்டுப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “லெயில்னா என்னண்ணா?” என்று கேட்டான்.

அவன் ஆறாம் வகுப்பு. நன்றாகவே வாசிப்பான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. வ-வுக்கு அடி தட்டையாக இருக்க வேண்டும், வலப்பக்கக் கோடு நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். நான் எல்லாவற்றையும் பலூன் மாதிரி ஊதியிருந்தேன். வ-வை ஊதினால் ல வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பில்கூட நான் செய்யாத பிழை.

இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தையும், அதற்கு முன்னால் வீணாக்கிய மூன்று மாதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ஓவியம் படித்தவன் இல்லை. பகலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. வீடு வியாசர்பாடி. பெரம்பூர் பக்கம் என் மாமா இரு சக்கர வண்டி மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்குப் போனபோது, துருப்பிடித்துப்போன ஷட்டரைக் காட்டி, “இதுல ஏதாவது வரைஞ்சு குடுடா, பெயின்ட் அடிக்கிற காசாவது மிச்சம்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். அனுமதியோடு ஒரு பரப்பு கிடைப்பது பெரிய விஷயம். அடுத்தவர் சுவரிலோ பொதுச் சுவரிலோ எழுதினால், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. ராத்திரியில் ஸ்ப்ரே பெயின்ட் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வயதும் எனக்குத் தாண்டிவிட்டது.

எழுத வேண்டிய சொல்லை ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டேன்: வெயில். மாமாவின் கடை மேற்குப் பார்த்தது. மதியம் 3 மணிக்கு மேல் அந்த ஷட்டரில் கை வைக்க முடியாது.

பழகத் தொடங்கியது என்னவோ ஆங்கில எழுத்தில்தான். இணையத்தில் கிடைக்கிற பாடங்கள் எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன. எழுத்தை முதலில் ஒற்றைக் கோட்டு எலும்பாகப் போடு, ஒவ்வொரு கோட்டையும் ஒரே அகலமுள்ள பட்டையாக மாற்று, அப்புறம் பட்டைகளைச் சாய், நீட்டு, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்று. சரி என்று கட்டம் போட்ட நோட்டில் இரண்டு மாதம் எஸ், ஏ, ஈ, கே என்று போட்டுத் தள்ளினேன். எஸ் போடுவது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. நோட்டில் 11 பக்கம் வெறும் எஸ்.

அந்தச் சமயத்தில்தான் கிராஃபிட்டி என்ற இந்தச் சுவரெழுத்துக் கலையின் கதையையும் வாசித்தேன். அதில் எனக்கு உறைத்தது ஒன்று: இது அழகுக்காகத் தொடங்கியதே இல்லை, வெறும் பெயர். 1960களின் கடைசியில் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் பையன்கள் மார்க்கரால் தங்கள் பெயரைக் கிறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். டாக்கி 183 என்று கையெழுத்துப் போட்டவர் மன்ஹாட்டனில் 183ஆம் தெருக்காரர். செல்லப்பெயரோடு தெரு எண்ணைச் சேர்த்துக்கொண்டார். பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்பதால் போன இடமெல்லாம் எழுதினார். 1971இல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிச் செய்தி போட்டது, அப்புறம் ஊர் முழுக்கப் பெயரும் எண்ணும் பெருகின. இப்படி மார்க்கரால் ஒரே இழுப்பில் போடும் கையெழுத்துக்கு டேக் என்று பெயர். அடுத்தது த்ரோ-அப்: ஓரக்கோடும் ஒரே நிறமுமாகச் சில நிமிடத்தில் முடிப்பது. நிறம், நிழல், பின்னணி எல்லாம் சேர்த்து நிதானமாகச் செய்வது பீஸ். எழுத்துக்குள் எழுத்து பின்னி, அம்புக்குறிகள் பாய்ந்து, வெளியாள் வாசிக்கவே முடியாமல் செய்வது வைல்ட்ஸ்டைல்.

குண்டு எழுத்து, அதாவது பபிள் லெட்டர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த ஃபேஸ் 2 என்பவர் 1972 வாக்கில் கொண்டுவந்தது. மேகம் மாதிரி உப்பிய எழுத்து. அதைப் பார்த்துத்தான் நானும் ஆசைப்பட்டு மொட்டைமாடியில் ஊதினேன். ஆனால் ஒரு வித்தியாசத்தை யோசிக்கவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெரும்பாலானவற்றை எவ்வளவு ஊதினாலும் எலும்பு வேறுவேறாகத் தெரியும். ஏ-யை உருட்டினாலும் அது ஏ-தான். தமிழில் பல எழுத்துகள் பங்காளிகள். ஒரு மூலை மடங்குகிறதா வளைகிறதா என்பதில்தான் அடையாளமே இருக்கிறது. ஊதினால் முதலில் காணாமல் போவது மூலைதான்.

‘லெயில்’ ஆன மறுநாள் நோட்டில் நான்கு உருவங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். ஒற்றைக் கொம்பு: இடது கீழே ஒரு சுழி, அதிலிருந்து மேலே ஏறி வளைந்து வலப்பக்கம் இறங்குகிறது. வ: அதே சுழி, அதே வளைவு, அதே இறக்கம், அப்புறம் தரையோடு தட்டையாகப் போய் நேராக மேலே ஏறுகிறது. ல: மறுபடியும் அதே சுழி, வளைவு, இறக்கம், ஆனால் தரையில் படுக்காமல் கிண்ணம் மாதிரி வளைந்து ஏறுகிறது. நான்கில் மூன்று ஒரே மாதிரி தொடங்குகின்றன! யி மட்டும்தான் வெளியூர்க்காரர். அதில் சுழியே இல்லை. மேலே மூன்று முனை நிற்கும், கடைசி முனையிலிருந்து மேல்விலங்கு, அதாவது இகரத்துக்கான வளைவு, கிளம்பும்.

ஒரே உருவம் மூன்று தடவை வருவது வரைகிறவனுக்கு வரம். தாளம் தானாக வந்துவிடும். வாசிக்கிறவனுக்கு அதுவே தொல்லை. ஒரு சோதனை செய்தேன். ‘வெயில்’ என்று சாதாரணமாக எழுதி, கீழ்ப்பாதியை ஸ்கேலால் மறைத்தேன். எது வ, எது ல என்று எனக்கே தெரியவில்லை. மேல்பாதியை மறைத்தேன். தெரிந்தது. அப்படியென்றால் இந்தச் சொல்லின் உயிர் அடிப்பாதியில் இருக்கிறது. நானோ அடிப்பாதியைத்தான் அதிகமாக உப்பவைத்து, தரையில் உட்கார்ந்த பூசணிக்காய்போல் ஆக்கியிருந்தேன்.

இதையே வேறு சொல்லில் செய்தால் வேறு விடை வரும். ‘கடல்’ என்று எழுதிப் பாருங்கள், க-வின் குறுக்குக்கோட்டை விட்டுவிட்டால் கதையே போச்சு. ஆக, எந்தச் சொல்லானாலும் ஸ்டைலில் இறங்குவதற்கு முன்னால் எதைத் தொடக்கூடாது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நான் நோட்டில் அந்த இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்தேன்: வ-வின் வலது கீழ் மூலை, கொம்புக்கும் வ-வுக்கும் நடுவில் உள்ள சந்து, ல-வின் அடி. மீதி எல்லாம் என் இஷ்டம்.

நடுவில் ஒரு விஷயம். தமிழ் எழுத்தைச் சிதைக்கிறாயே என்று வீட்டில் ஒரு குரல் எழுந்தது. நம் எழுத்து ஒன்றும் கல்லில் வெட்டியதோடு நின்றுவிடவில்லை. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. வாசிக்கிறவர்தான் வைத்து வாசிக்க வேண்டும். எகரத்துக்கு ஒற்றைக் கொம்பு, ஏகாரத்துக்கு இரட்டைச் சுழிக் கொம்பு என்ற ஏற்பாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்வார்கள். லை, ணை, னை ஒவ்வொன்றும் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு சேர்ந்த தனி எழுத்தாக இருந்தன. 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் இப்போதைய வடிவம். என் பாட்டி கடைசிவரை துதிக்கை லை-தான் எழுதினார். நோட்டில் அதைப் போட்டுப் பார்த்தேன். அடடா, இரண்டு எழுத்து ஏற்கனவே கைகோத்து நிற்கிறது, கிராஃபிட்டிக்காகவே செய்த மாதிரி! என் சொல்லில் லை இல்லையே என்று கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

எழுத்துக்கு உண்மையான வைத்தியம் கிடைத்தது மாமா கடைக்கு வரும் ஒரு பெரியவரிடம். சுவர் விளம்பரம் எழுதியவர். தேர்தல் வந்தால் வெள்ளையடித்துப் பிடித்து வைத்த சுவர்களில் விடிய விடிய எழுதிய கை. ஃபிளெக்ஸ் வந்து அந்த வேலையைத் தின்றுவிட்டது. இப்போது ஆட்டோ முதுகிலும் கடை போர்டிலும் எப்போதாவது எழுதுகிறார். வண்டிக்குப் பிரேக் ஷூ மாற்ற வந்தவரிடம் நோட்டை நீட்டினேன். புரட்டிவிட்டு, “வ-வுக்கு முதுகு நேரா இருக்கணும் தம்பி. வயிறு எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

அவ்வளவுதான். மூன்று மாதம் நான் தேடியது அந்த ஒரு வாக்கியம். வ-வை எவ்வளவு வேண்டுமானாலும் ஊதலாம், ஆனால் வலப்பக்கக் கோடு மட்டும் விறைப்பாக, அடியில் மூலை ஒடித்து நிற்க வேண்டும். அந்த ஒரு எலும்பு இருந்தால் மீதி எல்லாவற்றையும் கண் மன்னித்துவிடுகிறது. ல-வுக்கு நேர்மாறு. அதில் ஒரு மூலைகூட வரக்கூடாது.

என் புள்ளியையும் பார்த்தார். ல் மேல் இருக்கும் புள்ளியைக் கதிர்கள் வைத்துச் சூரியனாக்கியிருந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. “வெயில்னு எழுதிட்டு சூரியனையும் போடுவியா? டீக்கடைன்னு எழுதி டீ கிளாஸ் போடுற மாதிரி” என்று சிரித்தார். நாற்பது வருஷமாக டீக்கடை போர்டில் டீ கிளாஸ் போட்டவர் அவர்தான், அது வேறு விஷயம். ஆனாலும் சூரியனை எடுத்துவிட்டேன். புள்ளி இப்போது ஒரு நட்டு. ஆறு பக்கம், நடுவில் ஓட்டை. மெக்கானிக் கடைக்கு அது போதும்.

அவர் சொன்ன இன்னொன்று: எழுத்தைப் பார்க்காதே, எழுத்துக்கு நடுவில் இருக்கிற சந்தைப் பார். சந்து எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிந்தால் எழுத்து தானாக அமரும். கொம்பையும் வ-வையும் நான் ஒட்டி வைத்திருந்தேன். அங்கே ஒரு விரல்கடை இடம் விட்டதும் கொம்பு கொம்பாகத் தெரிந்தது.

முப்பரிமாண நிழலில் நான் மாட்டிக்கொண்டது சுழிகளில். வலது கீழ்ப்பக்கம் நிழல் என்று முடிவு செய்தால் எல்லா எழுத்துக்கும் அதேதான், அதில் குழப்பமில்லை. சுழியின் ஓட்டைக்குள் எந்தப் பக்கம் வரும்? நான் அங்கேயும் வலது கீழே போட்டேன். எழுத்து உள்ளே புதைந்த மாதிரி தெரிந்தது. ஓட்டைக்குள் இடது மேல் விளிம்பில்தான் கனம் தெரிய வேண்டும். புரியவில்லை என்றால் ஒரு வழி: அதே எழுத்தை டிரேசிங் தாளில் எடுத்து, தாளை வலது கீழே கொஞ்சம் நகர்த்தி, மூலைக்கு மூலை கோடு இழுங்கள். ஓட்டைக்குள் எது தெரியும், எது மறையும் என்று தாளே காட்டிவிடும்.

இனி கேன். பென்சிலில் வந்தது எதுவும் ஸ்ப்ரேயில் வரவில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 400 மி.லி. கேன்தான் வாங்கினேன். ஒன்று 200 ரூபாய்க்கு மேல். முதல் மூன்று கேனும் மாமா கடையின் அட்டைப்பெட்டிகளுக்கே போயின. நேர்க்கோடு, வட்டம், புள்ளி, மறுபடி நேர்க்கோடு. கற்றுக்கொண்டது இவ்வளவு: கையை அசைக்கத் தொடங்கிவிட்டு அப்புறம் அழுத்த வேண்டும், அழுத்திவிட்டு அசைத்தால் தொடக்கத்தில் ஒரு குமிழ் விழுந்து வழியும். மணிக்கட்டு அசையக்கூடாது, தோளிலிருந்து முழுக்கையும் போக வேண்டும். மெல்லிய கோட்டுக்கு, பெயின்ட் பீய்ச்சும் கேன் மூக்கை இரண்டு மூன்று செ.மீ. பக்கத்தில் கொண்டுபோய் வேகமாக இழு. நிரப்ப 15, 20 செ.மீ. தள்ளி நில். கிட்டே போய் மெதுவாக இழுத்தால் ஒழுகும். முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்த வேண்டும். இல்லையென்றால் மறுநாள் மூக்கு அடைத்திருக்கும்.

ஃபேட் கேப், ஸ்கின்னி கேப் என்று கோட்டின் தடிமனை மாற்றும் மூக்குகள் தனியாகக் கிடைக்கும் என்று வாசித்து, ஆர்டர் போட்டு வாங்கினேன். பொருந்தவில்லை. சில கேன்களில் மேலே குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கில் ஓட்டை இருக்கும். சிலவற்றில் நேர்மாறாக. என்னுடையதும் வாங்கியதும் எதிரெதிர் ஜாதி. வாங்குமுன் கேனின் மூக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

மொட்டைமாடியில் ஏப்ரல், மே மாதங்களில் பழகியது முட்டாள்தனம். கேனிலேயே 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதே, வெயிலில் வைக்காதே என்று அச்சடித்திருக்கிறது. நானோ ‘வெயில்’ என்று எழுத அதை வெயிலில் வைத்திருந்தேன். சூட்டில் பெயின்ட் சுவரைத் தொடுமுன்பே காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகப் படிந்தது. சரி, சாயங்காலம் அடிக்கலாம் என்றால் கடற்காற்று. நீல நிறப் பனி மெல்லக் கிளம்பி, பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்த ஒரு வெள்ளை வேட்டியில் போய் உட்கார்ந்தது. வேட்டிக்கு 600 ரூபாய் கொடுத்தேன். அதன்பிறகு காலை ஐந்தரையிலிருந்து ஏழரைக்குள்தான்.

முகமூடி விஷயத்திலும் அலட்சியம். துணி மாஸ்க் போதும் என்று நினைத்தேன். முதல் நாள் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் நீலமாக வந்தது. தூசியை மட்டும் தடுக்கிற மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. பெயின்ட் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் முகமூடி வாங்குங்கள். கேன்களுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

பெரியவரின் உள்ளங்கைச் சோதனையையும் சொல்லிவிடுகிறேன். சுவரைக் கையால் அழுத்தித் தேய்த்துப் பார். கையில் வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்பு அடித்த சுவர், ஸ்ப்ரே அதன்மேல் நிற்காது. என் மொட்டைமாடி ‘லெயில்’ அப்படித்தான் ஜூனில் ஒரு மழைக்கு அப்பளம் மாதிரி உரிந்தது. நல்லதாகப் போயிற்று.

எழுத்தோடு ஒரு உருவமும் வேண்டும் என்று ஆசை. கிராஃபிட்டியில் அதைக் கேரக்டர் என்பார்கள். ஆரம்பத்திலிருந்தே இருந்த பழக்கம்தான். நியூயார்க்கில் ஸ்டே ஹை 149 என்பவர் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குச்சி மனிதனை உட்காரவைத்தார். பிறகு வந்தவர்கள் வான் போடே என்ற காமிக்ஸ் ஓவியரின் உருவங்களை ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். அவர் 1975இல், தன் 33ஆம் வயதிலேயே, இறந்துவிட்டார். அவர் வரைந்த, பெரிய தொப்பிக்குள் முகம் மறைந்த மந்திரவாதியும் பல்லிகளும் இன்றுவரை ஊர் ஊராகச் சுவரில் உயிரோடு இருக்கின்றன. நானும் ஒரு மாதம் அவற்றையே பார்த்து வரைந்தேன். கை பழகியது. ஆனால் பெரம்பூர் ஷட்டரில் அந்தப் பல்லிக்கு என்ன வேலை?

ஒருநாள் பேருந்துக்கு நிற்கும்போது விடை கிடைத்தது. சுவரில் முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்று, ஒரு ஆடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. மைதாப் பசைக்காக. சுவரில் இருப்பதைத் தின்கிற பிராணி! இதைவிடப் பொருத்தமாக யார் கிடைப்பார்கள்?

வரைந்தால் நாய் வந்தது. கொம்பு வைத்தால் கொம்பு வைத்த நாய். தாடி வைத்தால் தாடி வைத்த நாய். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைக்குப் பின் சந்தில் ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு ஆட்டின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், ஆட்டின் கண்மணி உருண்டை இல்லை. படுத்த செவ்வகம், உண்டியல் வாய் மாதிரி. நோட்டில் அந்த வட்டத்தை அழித்துப் படுக்கைக் கோடு போட்ட அடுத்த நொடி அது ஆடாகிவிட்டது. வேறு எதையும் மாற்றவில்லை.

அந்த அக்காவிடமே காட்டினேன். “பல்லு தப்பு. ஆட்டுக்கு மேல முன்பல் ஏது?” என்றார். உண்மைதான். மேலே முன்பக்கம் வெறும் ஈறு, கீழ்வரிசைதான் பல். நான் பல்விளம்பரம் மாதிரி இரண்டு வரிசையும் போட்டிருந்தேன். மேல்வரிசையை எடுத்ததும் ஆட்டுக்கு ஒரு அசட்டுச் சிரிப்பு வந்து சேர்ந்தது, நான் திட்டமிடாத சிரிப்பு.

உடம்புக்கு முதலில் போட்டது ஒரே ஒரு வளைகோடு, பின்னங்காலிலிருந்து கொம்பு வரை. எழுந்து நின்று எட்டுகிற தோரணை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அதன்மேல் முட்டை வடிவத் தலை, பீப்பாய் வயிறு, பெரிய குளம்பு. எழுத்துக்கு வலப்பக்கம் நிறுத்தி, முகத்தை எழுத்தை நோக்கித் திருப்பினேன். முதலில் தெருவைப் பார்க்கும்படி வைத்திருந்தபோது பார்க்கிறவர் கண்ணும் ஆட்டோடு தெருவுக்குப் போய்விட்டது. இப்போது அது ல்-இன் வாலைக் கடித்து இழுக்கிறது. எழுத்தின் ஓரக்கோடு எவ்வளவு தடிமனோ அதே தடிமன் ஆட்டுக்கும். இல்லையென்றால் இரண்டும் வேறு வேறு ஆள் வரைந்தது போல் இருக்கும்.

ஷட்டர் எட்டடி அகலம், ஏழடி உயரம். ஜூலையில் ஒரு சனிக்கிழமை கடை அடைத்ததும் வேலை தொடங்கியது. மெக்கானிக் கடை ஷட்டர் என்றால் துருவுக்கு மேல் கிரீஸ், கிரீஸுக்கு மேல் தூசி. உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் மூன்று தடவை துடைத்தோம். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். எண்ணெய் மிச்சமிருக்கும் இடத்தில் பெயின்ட் விலகி மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாகப் பிளக்கும். அப்புறம் துருவைத் தடுக்க, பிரஷ்ஷால் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு.

மறுநாள் காலை மஞ்சளைத் தூக்கி அந்தச் செம்மண் நிறத்தின் மேலேயே அடித்தேன். மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. இரண்டு கோட் அடித்தும் கடுகுக் குழம்பு நிறம்தான். நிறுத்திவிட்டு, எழுத்து வரும் இடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்துக் காயவிட்டுத் தொடங்கியதில் அந்த ஞாயிற்றுக்கிழமை போனது. போதாக்குறைக்கு, காய்ந்துவிட்டது என்று நினைத்து மதியம் மாமா ஷட்டரைத் தூக்க, சுருளுக்குள் பட்டைக்குப் பட்டை ஒட்டிக்கொண்டு, இறக்கும்போது ஆங்காங்கே தோல் உரிந்து வந்தது. தொட்டால் ஒட்டாதது காய்ந்ததாகிவிடாது, சுருட்டினால் ஒட்டும். அடுத்த வாரம் முதல் சனி இரவே அடித்து, திங்கள் காலைதான் தூக்குவது என்று மாமா கடைக்கே ஞாயிறு விடுமுறை விட்டார். அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

நோட்டுப் படத்தைப் பெரிதாக்க ஷட்டரே உதவியது. குறுக்குப் பட்டைகள் ஏற்கனவே கோடு போட்ட தாள்தான். நோட்டில் அத்தனை வரி போட்டுக்கொண்டு, நெடுக்கே மட்டும் சாக்பீஸால் அடிக்கு ஒரு கோடு இழுத்தேன். சுவரில் செய்கிறவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: சுவர் முழுக்க மனம்போனபடி குறிகளைக் கிறுக்கி, போட்டோ எடுத்து, போனில் அதன்மேல் தங்கள் படத்தை மங்கலாக வைத்து, எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் எந்தக் கோடு வருகிறது என்று பார்த்து வரைவார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

வரிசை இப்படி: வெளிர் நிறத்தில் உருவரை, மஞ்சள் நிரப்பல், அது ஈரமாக இருக்கும்போதே கீழிருந்து ஆரஞ்சை ஒரு அடி தள்ளி நின்று தூவிக் கலப்பது, நிழலுக்கு அடர்நீலம், கடைசியில் கறுப்பு ஓரக்கோடு, அதற்கும் கடைசியில் வெள்ளைப் பளபளப்பு. கோடு தடித்துப்போனால் பதற வேண்டாம். நிரப்பிய நிறத்தையே எடுத்து உள்பக்கமிருந்து கறுப்பின் மேல் கொஞ்சம் ஏற்றினால் கோடு மெலிந்துவிடும். என் சுழிகள் ஓரளவு கூராக இருப்பதற்கு என் கை காரணமில்லை, இந்த வெட்டும் வேலைதான் காரணம்.

ஷட்டர் பட்டை வளைந்தது என்பதால் நேரே நின்று அடித்தால் ஒவ்வொரு பட்டையின் அடிவயிறும் பெயின்ட் படாமல் இருந்துவிடுகிறது. நான் உட்கார்ந்து பார்த்தபோதுதான் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. மேலிருந்து ஒரு தடவை, குனிந்து கீழிருந்து ஒரு தடவை என்று இரண்டு கோணத்தில் அடிக்க வேண்டும். கேன் செலவும் ஒன்றரை மடங்கு.

இதில் வேடிக்கை, அந்த வ-வின் முதுகு. நேரே நின்று பார்த்தால் தூக்கு நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. பேருந்து நிறுத்தப் பக்கமிருந்து சாய்வாகப் பார்த்தால் பட்டைக்குப் பட்டை நெளிந்து பாம்பாகிவிட்டது. நேராக இருக்க வேண்டிய ஒரே கோடு! கோட்டைத் தடிமனாக்கி, அதற்கு வலப்பக்கம் உள்ள நிழலையும் அகலப்படுத்தினேன். நெளிவு போகவில்லை, ஆனால் கறுப்புக்குள் ஒளிந்துகொண்டது. பெரியவர் வந்து இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டு, “ம்” என்றார்.

ஆட்டின் இடது பின்குளம்பு சரியில்லை. ஷூ போட்டது மாதிரி இருக்கிறது. நான்காவது ஞாயிறு அதைத் திருத்தப் போனபோது, ஆடு வளர்க்கும் அக்கா, “இருக்கட்டும் விடு, நடந்து களைச்ச ஆடு” என்றார். விட்டுவிட்டேன். கீழ்வீட்டுப் பையனையும் ஒருநாள் வண்டியில் அழைத்துப் போனேன். எதுவும் சொல்லாமல் ஷட்டர் முன்னால் நிறுத்தினேன். “வெயில்,” என்றான், “ஆடு ஏண்ணா புள்ளியைத் திங்காம வாலைத் திங்குது?”

பக்கத்து இஸ்திரிக் கடை அண்ணனுக்கு மரப்பலகையில் ‘இஸ்திரி’ என்று இதே மாதிரி வேண்டுமாம். இ-யில் எந்தச் சுழியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று இன்னும் பிடிபடவில்லை. ஸ்கேலால் மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோட்டில் இது ஆறாவது பக்கம்.